மூன்றாவது புல்கட்டு

ஓட்டர் ஃபோர்க் ஊரில் ஆர்விட் டோலஃப்சன் எல்ஸ்வொர்த் க்விஸ்ட்டை 'நீ' என்றுதான் கூப்பிடுவான். மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு மட்டும் 'நீங்க' என்பான். மற்ற நாட்களில் ஆர்விட் பால் சொசைட்டியின் சூப்பர்வைசர். க்விஸ்ட் அவனுக்குக் கீழே பால் வண்டி ஓட்டுகிறவர். அந்த ஒரு சனி, ஞாயிறு க்விஸ்ட் விமானப்படை ரிசர்வில், அதாவது பகுதிநேரப் படையில், மேஜர். ஆர்விட் அவர் ஓட்டும் விமானத்தின் பின்பக்கத்தில் நின்று சரக்கைத் தள்ளிவிடுகிற சார்ஜென்ட்.

இரண்டுக்கும் நடுவே வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி என்று ஒரு கோடு இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை க்விஸ்ட் தாமதமாக வந்து கேன்களை இறக்கிக்கொண்டிருந்தார். ஆர்விட் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "ஏய் எல்ஸ்வொர்த், லண்டீன் வீட்டுக் கேனை மூடியப் பாத்து எடுன்னு எத்தனை தடவை சொல்றது? நீ என்ன," என்று ஆரம்பித்தான். அதற்குள் சொசைட்டியின் சங்கு ஊதிவிட்டது. ஆர்விட் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு, "நீங்க என்ன சார், உடம்பு சரியில்லையா," என்று முடித்தான்.

க்விஸ்ட் கேனைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். "உடம்பு நல்லாத்தான் இருக்கு சார்ஜென்ட். நாளைக்கு வரும்போது முடி வெட்டிட்டு வா."

விஸ்கான்சினின் அந்த மூலையில் இதில் யாருக்கும் ஒரு வினோதமும் தெரியவில்லை. படையின் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ரஸ்ஸல் ஹெய்ன் கடைத்தெருவில் மேஜை நாற்காலியும் சவப்பெட்டியும் விற்கிறவர். வரிசையில் நிற்கிற சிப்பாய்களைப் பார்வையிடும்போது அவர் கண் தலையிலிருந்து கால் வரை போய்வரும். அளவெடுக்கிறாரா அணிவகுப்பைப் பார்க்கிறாரா என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. வேதியியல் வாத்தியார் வழிகாட்டி அதிகாரி. ரொட்டிக்கடைக்காரர் இன்ஜின் மெக்கானிக். இவர்களுக்கு எட்டு விமானங்கள். பறக்கும் சரக்குப் பெட்டி என்று அதற்குப் பெயர். இரட்டை வால், தொந்தி வயிறு, பின்பக்கம் கதவையே கழற்றிவிட்டுப் பறக்கலாம். ஓடுபாதையிலிருந்து எழும்பும்போது அது எழுப்புகிற சத்தத்தில் மூன்று மைல் சுற்றளவில் மாடுகள் கறப்பதை நிறுத்திக்கொள்ளும்.

படைக்குச் சரித்திரம் எழுத வேண்டும் என்பது விதி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மூன்று பிரதி, தட்டச்சில். பெரிய போரில் பிறந்த படை அது. பாராசூட் வீரர்களை ஐரோப்பாவில் இறக்கியிருக்கிறது. அந்தக் காலத்துச் சரித்திரம் தடிமனாக இருந்தது. போர் முடிந்து, கலைத்து, மறுபடி ஓட்டர் ஃபோர்க்கில் ரிசர்வாக ஆரம்பித்த பிறகு அது மெலிந்துகொண்டே வந்தது. கொரியப் போருக்குக் கூப்பிட்டபோது ஊரே மேளம் கொட்டி வழியனுப்பியது. அங்கே போனதும் படையைப் பிரித்து ஆளுக்கொரு திசையில் அனுப்பிவிட்டார்கள். க்விஸ்ட் ஜப்பானுக்குப் போனார். ஆர்விட் டெக்ஸாஸில் இரண்டு வருஷம் படுக்கை விரிப்புகளுக்குப் பொறுப்பாக இருந்தான். திரும்பி வந்தபின் சரித்திரம் எழுதியவர் பல் டாக்டர் ஒருவர். அவர் 1956ஆம் வருஷத்தின் பிற்பாதிக்கு எழுதியது மொத்தம் இரண்டு வரி. 'குறிப்பிடும்படி எதுவும் நடக்கவில்லை. குளிராக இருந்தது.'

தலைமையகத்திலிருந்து அதற்கு ஒரு காரசாரமான கடிதம் வந்தது. கர்னல் ஹெய்ன் மறு மாதமே படையை நிற்கவைத்து, யார் வீட்டில் தட்டச்சு இயந்திரம் இருக்கிறது என்று கேட்டார். ஆர்விட் கையைத் தூக்கினான். ஏதாவது இரவல் கேட்கிறார்களாக்கும் என்று நினைத்துத் தூக்கினான். அப்படித்தான் அவன் சரித்திர ஆசிரியன் ஆனான்.

இயந்திரம் அவன் மனைவி லியோனாவுடையது. கல்யாணத்துக்கு முன் அவள் நான்கு வருஷம் மாவட்டக் கோர்ட்டில் சாட்சிகள் சொல்வதைத் தட்டச்சு செய்தவள். ஆர்விட் சமையலறையில் நடந்துகொண்டே சொல்வான், அவள் அடிப்பாள். வெள்ளத்தில் மாட்டிக்கொண்ட ஊருக்குத் தீயணைப்பு வண்டியை ஏற்றிப்போனது, கண்காட்சிக்கு ஒரு கொழுத்த காளையைக் கொண்டுபோனது, அது வழியில் வேதியியல் வாத்தியாரின் வரைபடத்தைத் தின்றது, எல்லாம் அவள் விரல் வழியாகத்தான் வாஷிங்டன் போய்ச் சேர்ந்தன. தலைமையகத்தில் யாரோ ஒருவர், இப்படிச் சுவையான சரித்திரம் வேறெந்தப் படையிலிருந்தும் வருவதில்லை என்று ஓரத்தில் எழுதி அனுப்பியிருந்தார். ஆர்விட் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தான்.

மாட்டியிருந்த சுவர் அவனுடையதல்ல. லியோனாவின் அப்பா குஸ்டாவ் போட்கருடையது. ஊருக்கு வெளியே மூன்று மைலில் முப்பத்திரண்டு கறவை மாடுகளுடன் அவருக்குப் பண்ணை இருந்தது. மனைவி இறந்த பிறகு மகளையும் மருமகனையும் மாடியில் வந்து இருக்கச் சொன்னார். 'சொன்னார்' என்பது பெரிய வார்த்தை. மாடி அறைக் கதவைத் திறந்துவைத்தார். பதினோரு வருஷமாக ஆர்விட் அங்கே இருந்தான். அந்தப் பதினோரு வருஷத்தில் மாமனார் அவனிடம் பேசியதில் பாதிக்கு மேல் வானிலை; மீதி, பால் கறக்கிற மிஷினின் ரப்பர் குழாய்.

1959 மார்ச் மாதம் முதல் வாரத்தில் மூன்று நாள் விடாமல் பனி கொட்டியது. சாலை எது, வயல் எது என்று தெரியவில்லை. பனி தொடங்கின அன்றைக்கு மேய்ச்சலில் விட்டிருந்த கிடாரிகளும் வறட்டு மாடுகளும் அங்கேயே மாட்டிக்கொண்டன. மாட்டுக்கும் களஞ்சியத்துக்கும் நடுவே ஆள் உயரத்துக்குப் பனி. கவர்னர் கேட்டுக்கொண்டதன் பேரில் ஓட்டர் ஃபோர்க் படை பறக்கும் சரக்குப் பெட்டிகளில் புல்கட்டுகளை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. பண்ணைக்கு மூன்று கட்டு. கட்டு ஒன்று எண்பது பவுண்டு. உறைந்துபோன புல், கல் மாதிரி இருக்கும். மேய்ச்சலுக்கு மேலே வந்ததும் விமானி ஒரு தடவை மணி அடிப்பார். பின்னால் நிற்கிறவன் மூன்றையும் காலால் உதைத்து வெளியே தள்ள வேண்டும். ஆர்விட் தனியாகத்தான் நின்றான். கூட வர வேண்டியவன் குளிர்ஜுரம் என்று படுத்துவிட்டான்.

குஸ்டாவின் பண்ணையில் மூன்றாவது கட்டு பால் அறையின் கூரையைப் பிளந்துகொண்டு உள்ளே போனது.

உயிர்ச்சேதம் இல்லை. ஒரு பூனை மட்டும் ஒரு வாரம் வீட்டுக்கு வரவில்லை. ஆனால் பால் அறைக்குள்ளே, பிரித்து நான்கு நாள்கூட ஆகாத புது டேங்க் இருந்தது. கேன்களை ஒழித்துவிட்டுப் பாலைக் குளிர்ந்த எஃகு டேங்கில் சேர்த்துவைப்பது அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. அந்த வட்டாரத்தில் முதல் டேங்க் குஸ்டாவுடையது. மின்சார இணைப்பு கொடுக்க ஆள் வருவதற்குள் பனி வந்துவிட்டது; பனிக்குப் பின்னால் புல்கட்டு வந்துவிட்டது. டேங்க் நடுவில் ஒடுங்கி, யாரோ உட்கார்ந்து எழுந்த தொப்பி மாதிரி ஆனது. கூரைக்கும் டேங்குக்கும் விமானப்படை தாமதமில்லாமல் ஈடு கொடுத்துவிட்டது. புது டேங்க் வர ஐந்து மாதம் ஆகும் என்றார்கள். அதற்குள் ஏப்ரலிலேயே பக்கத்துப் பண்ணை லண்டீன் டேங்க் வாங்கி, அதை ஓட்டியும் காட்டிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் எல்லாரும் லண்டீனைச் சுற்றி நின்று டேங்கைப் பற்றி விசாரித்தார்கள். குஸ்டாவ் தொப்பியைப் போட்டுக்கொண்டு காருக்குப் போனார்.

தப்பு யாருடையது என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. வண்டியிலிருந்து ஒரு பொருள் விழுந்தால் ஓட்டினவன் மேல்தான் பழி. அதோடு, அன்றைக்கே க்விஸ்ட் குஸ்டாவுக்குப் போன் போட்டு, "மணி அடிக்கக் கொஞ்சம் தாமதமாயிடுச்சுங்க, மன்னிக்கணும்," என்று சொல்லிவிட்டார். ஆர்விட் வாயைத் திறப்பதற்குள் அது நடந்துவிட்டது. வாய் திறந்தபடியே இருந்தது, பிறகு மூடிக்கொண்டது.

"அவன் என் வாசல்ல வண்டியை நிறுத்தக்கூடாது," என்றார் குஸ்டாவ். மறுநாளிலிருந்து சாலையோர மேடையில் கேன் வைப்பதை நிறுத்தினார். அறுபத்தெட்டு வயதில் தானே கேன்களைத் தூக்கித் தன் பழைய வண்டியில் ஏற்றி, மூன்று மைல் ஓட்டிக்கொண்டு சொசைட்டிக்கு வந்தார். அங்கே அவற்றை இறக்கி வாங்குகிறவன் மருமகன். க்விஸ்ட்டின் வண்டி தினமும் காலை ஆறே காலுக்குப் பண்ணையைத் தாண்டிப் போகும். க்விஸ்ட் நேராகப் பார்ப்பார். குஸ்டாவ் மாட்டைப் பார்ப்பார். வீட்டில் சாப்பாட்டு நேரம் முழுக்க க்விஸ்ட் புராணம்தான்.

"பால் வண்டியவே நேரா ஓட்டத் தெரியாதவன். அவன் கையில விமானத்தைக் கொடுத்தா? நீயே சொல்லு மாப்ள, நீ அவனுக்கு சூப்பர்வைசர்தானே."

"வண்டி நல்லாத்தான் ஓட்டுவார் மாமா."

"உனக்கு இளகின மனசு," என்பார் குஸ்டாவ். ஆர்விட் புளித்த முட்டைகோஸை இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்வான். மார்ச்சிலிருந்து அவனுக்குப் பன்னிரண்டு பவுண்டு எடை கூடியிருந்தது.

ஜூன் மாதம் சரித்திரத்துக்குக் கெடு வந்தது. முப்பதாம் தேதி செவ்வாய்க்கிழமை தபாலில் போயாக வேண்டும். அந்தத் தடவை அதில் வேறொரு சிக்கலும் இருந்தது. கர்னல் ஹெய்ன் ஓய்வு பெறப்போகிறார். அடுத்த தலைவர் க்விஸ்ட்தான் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். ஆனால் புல்கட்டு விவகாரத்தில் 'விமானியின் பிழை' என்று முடிவானால் வெளியூர்க்காரர் ஒருவரைக் கொண்டுவருவோம் என்று தலைமையகம் எழுதியிருந்தது.

இரண்டாவது ஞாயிறு, மதியச் சாப்பாடு முடிந்து குஸ்டாவ் புல் அறுக்கிற மிஷினைப் பார்க்கப் போயிருந்தார். லியோனா மேஜையில் ஒரு பக்கம் ருபார்ப் தண்டு நறுக்கிவைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, மறுபக்கம் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தாள். ஆர்விட் நடக்க ஆரம்பித்தான்.

"'விமானி மணியைத் தாமதமாக அடித்த காரணத்தால், ஒரு கட்டு,'" என்றான்.

அவள் விரல்கள் நின்றன. "ஒரு வீட்டுக்கு எத்தனை கட்டு?"

"மூணு."

"மணி எத்தனை தடவை அடிப்பாங்க?"

"ஒரு தடவைதான். அடிச்சதும் வரிசையா மூணையும் தள்ளணும்."

"மொதல் கட்டு எங்க விழுந்துச்சு?"

"மேய்ச்சல்ல."

"மேய்ச்சல்ல எங்க? நான் இந்த ஜன்னல்ல நின்னு பாத்துட்டிருந்தேன். நம்ம பெர்த்தா மாட்டோட மூக்குக்கு முன்னால விழுந்துச்சு. அது நகரக்கூட இல்ல, அப்படியே குனிஞ்சு திங்க ஆரம்பிச்சுது. ரெண்டாவது?"

"அதுக்குப் பக்கத்துல."

"அப்ப மணி சரியாத்தான் அடிச்சிருக்கு."

ஆர்விட் ஒரு ருபார்ப் துண்டை எடுத்து வாயில் போட்டான். சர்க்கரை போடாத ருபார்ப் புளி மாதிரிப் புளிக்கும். முகம் கோணிக்கொண்டது. அது நல்லதாகப் போயிற்று. எப்படியும் கோணத்தான் இருந்தது.

"ஆர்விட், மூணாவது கட்டை நீ எப்பத் தள்ளின?"

"தள்ளினேன்."

"எப்பன்னு கேட்டேன்."

"கொஞ்சம் கழிச்சு."

"எதுக்குக் கொஞ்சம் கழிச்சு?"

"உங்கப்பா கீழ நின்னுட்டிருந்தார். பால் அறை வாசல்ல. ரெண்டு கையையும் தூக்கி எனக்கு ஆட்டினார்."

"சரி."

"நானும் ஆட்டினேன்."

லியோனா அவனையே பார்த்தாள்.

"பதினோரு வருஷம் லியோனா. காலையில வேலைக்குப் போறப்ப, படைக்குப் போறப்ப, டெக்ஸாஸுக்குப் போறப்பகூட அவர் எனக்குக் கை ஆட்டினதில்ல. நான் மேல முன்னூறு அடியில நிக்கறேன், கீழ அந்த மனுஷன் குதிச்சுக் குதிச்சு ஆட்டறார். ஒரு கையில கயித்தப் பிடிச்சிருந்தேன், அதனால மத்த கையை எடுத்து நல்லா ஆட்டினேன். அப்புறம் கட்டு ஞாபகம் வந்துச்சு. தள்ளினேன்."

லியோனா இயந்திரத்தின் மேல் தலையைக் கவிழ்த்துவிட்டாள். அதன் எழுத்துக் கம்பிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. அவள் அழுகிறாள் என்று நினைத்து அவன் பக்கத்தில் போனான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்து, மூக்கைத் துடைத்து, பின்னிய கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பிரித்து முடிக்கிறபோது சிரிப்பு போய்விட்டிருந்தது.

"அவர் 'போதும், நிறுத்து'ன்னு காட்டியிருக்கார்."

"அது எனக்கு மூணாவது கட்டு விழுந்த பிறகு புரிஞ்சுது."

"மூணு மாசமா எல்ஸ்வொர்த் உனக்காகத் திட்டு வாங்கறார். அப்பா தினமும் கேன் தூக்கிட்டு வந்து முதுகுல தைலம் தேய்க்கச் சொல்றார். நீ முட்டைகோஸ் தின்னுட்டிருக்கே."

"எல்ஸ்வொர்த்துதான் சொன்னார், பழி என் மேல இருக்கட்டும், நீ அந்த வீட்டுல குடியிருக்கறவன், நான் என் வீட்டுக்குப் போயிடுவேன்னு."

"அவர் பெருந்தன்மை அவருக்கு. இதை நான் அடிக்கமாட்டேன். நாலு வருஷம் கோர்ட்டுல பொய் சொன்னவங்க பேச்சையெல்லாம் அடிச்சேன். சம்பளம் கொடுத்தாங்க, அடிச்சேன். நீ சம்பளம் தர்றதில்ல."

அவள் இயந்திரத்துக்கு உறை போட்டுவிட்டு ருபார்ப்புக்குப் போனாள்.

மறுநாள் காலை சொசைட்டியின் இறக்குமேடையில் ஆர்விட் க்விஸ்ட்டைப் பிடித்தான். கேன்கள் ஒன்றோடொன்று மோதுகிற சத்தத்துக்கு நடுவே, "மாமாகிட்ட சொல்லிடப் போறேன் எல்ஸ்வொர்த்," என்றான்.

"வேணாங்க. எனக்குப் பதவி வந்தா வரட்டும், வராட்டி போகட்டும். நாப்பத்தஞ்சு வயசு ஆச்சு எனக்கு. நீங்க அந்த வீட்டுல தினமும் சாப்பிடணும்."

"நான் சொல்லத்தான் போறேன்."

க்விஸ்ட் குரலைத் தாழ்த்தினார். "மேஜராச் சொல்றேன், வேணாம்."

"இன்னைக்குத் திங்கக்கிழமை. திங்கக்கிழமை நான் சொல்றத நீ கேளு. போய் வண்டிய நகர்த்து, பின்னால ரெண்டு வண்டி நிக்குது."

க்விஸ்ட் வண்டியை நகர்த்தினார்.

அன்றைக்குச் சாயங்காலம் பால் கறக்கிற நேரத்தில் ஆர்விட் கொட்டகைக்குப் போனான். முப்பத்திரண்டு மாடுகளும் வரிசையில் நின்றிருந்தன. சூடான சாணம், வெட்டின புல், பால் மூன்றும் கலந்த மணம். மூலையில் காற்று உறிஞ்சுகிற பம்பு தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் குஸ்டாவ் பெர்த்தாவின் வயிற்றடியில் குந்தி, மடியில் குழாய்களை மாட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, ஒரு விஷயம் சொல்லணும்."

"ரப்பரா? நாளைக்கு மாத்திக்கலாம்."

"ரப்பர் இல்ல. அந்த மூணாவது கட்டு. மேஜர் மேல தப்பில்ல."

"மேஜருக்கு என்ன?"

"தப்பில்ல. நான்தான் தாமதமாத் தள்ளினேன்."

"எதைத் தள்ளின?"

"கட்டை."

"மொட்டையா?"

ஆர்விட் கையைக் குவித்து வாயில் வைத்து, நெஞ்சில் இருந்த மூச்சையெல்லாம் சேர்த்துக் கத்தினான். அதே நேரம் குஸ்டாவ், மருமகன் ஏதோ முக்கியமாகச் சொல்கிறான் போலிருக்கிறதே என்று கையை நீட்டிப் பம்பை அணைத்துவிட்டார்.

"நான் உங்களுக்குக் கை ஆட்டிட்டிருந்தேன்," என்ற குரல் கொட்டகை முழுக்க எதிரொலித்தது. முப்பத்திரண்டு மாடுகளும் திரும்பிப் பார்த்தன.

குஸ்டாவ் மெதுவாக எழுந்து நின்றார். ஒரு கை இடுப்பில் இருந்தது.

"எதுக்கு?"

"நீங்க ஆட்டினீங்க."

"நான் போதும்னு சொன்னேன். லண்டீன் வீட்டுக்குப் போங்கன்னு சொன்னேன்."

"இப்பத் தெரியும் மாமா."

"அந்தக் க்விஸ்ட்டு போன் பண்ணினானே."

"எனக்காகச் சொன்னார்."

குஸ்டாவ் கொஞ்ச நேரம் மாட்டைப் பார்த்தார், பிறகு கூரையைப் பார்த்தார், பிறகு ஆர்விட்டின் கையைப் பார்த்தார். எந்தக் கையால் ஆட்டினான் என்று பார்க்கிற மாதிரி இருந்தது. அப்புறம் குனிந்து பம்பைப் போட்டுவிட்டார். அதற்கு மேல் ஒன்றும் கேட்காது என்பதால் ஆர்விட் திரும்பி வந்தான்.

மறுநாள் காலை சாலையோர மேடையில் கேன்கள் வரிசையாக இருந்தன. பக்கத்தில் குஸ்டாவ், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றார். ஆர்விட் வேலைக்குக் கிளம்பின காரைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திக்கொண்டு பார்த்தான். ஆறே காலுக்குப் பால் வண்டி வந்தது. மேடையைத் தாண்டியது. நின்றது. பின்னால் வந்தது. க்விஸ்ட் இறங்கினார்.

குஸ்டாவ் வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்தார். "பின்னால ஒரு லைட்டு எரியல," என்றார்.

"தெரியுங்க."

"மாத்து. இருட்டுல எவனாவது மோதினா உனக்குத்தான் கஷ்டம்."

"மாத்திடறேன்."

குஸ்டாவ் கோட்டுப் பைக்குள் கைவிட்டு, வினிகரில் ஊறப்போட்ட ஹெரிங் மீன் ஜாடி ஒன்றை எடுத்து ஓட்டுநர் இருக்கையில் வைத்தார். தன் கையால் ஊறப்போட்டது. மகளுக்கே அளந்துதான் கொடுப்பார். "வெயில் படாம வை," என்று சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார். க்விஸ்ட் தொப்பியைக் கழற்றிவிட்டு, பிறகு எதற்குக் கழற்றினோம் என்று தெரியாமல் மறுபடி போட்டுக்கொண்டு கேன்களை ஏற்றினார்.

க்விஸ்ட்டோடு கணக்கு அத்துடன் தீர்ந்தது. ஆர்விட்டுக்கு அங்கேதான் தொடங்கியது. அன்று இரவுச் சாப்பாட்டிலிருந்து குஸ்டாவுக்கு மருமகன் என்று ஒருவன் கண்ணில் படவில்லை. திட்டவில்லை, முறைக்கவில்லை. "லியோனா, மாடியில குடியிருக்கறவங்க யாராவது இருந்தா நாளைக்குப் புல் ஏத்தணும்னு சொல்லு," என்பார். ஆர்விட் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். வெயிலில் முதல் அறுப்பு உலர்ந்து, இரண்டு பேரும் எட்டு நாள் ஒரே வண்டியில் கட்டு ஏற்றினார்கள். மேலே நின்று குஸ்டாவ் அடுக்க, கீழே நின்று ஆர்விட் தூக்கிக்கொடுத்தான். மூக்கிலும் காதிலும் புல் தூசி, கழுத்தில் கொசு. அந்த எட்டு நாளும் கிழவர் பேசியது குதிரை ஈயிடம் மட்டும்தான். ஆர்விட்டின் எடை பழைய நிலைக்கு வந்தது.

மாதத்தின் கடைசிச் சனி, படைப் பயிற்சி நாள். லியோனா தட்டச்சு செய்துகொடுத்த உண்மையான பக்கத்தை ஆர்விட் கர்னலின் மேஜையில் வைத்துவிட்டு விறைப்பாக நின்றான். பக்கத்தில் க்விஸ்ட்டும் நின்றார். கர்னல் ஹெய்ன் கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளிக்கொண்டு படித்தார்.

"'மாமனாருக்குக் கை அசைத்த காரணத்தால்,'" என்று ஒரு இடத்தை மட்டும் வாய்விட்டுப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "நார்மண்டியில இறங்கின படை இது."

"ஆமா சார்," என்றான் ஆர்விட்.

"ஐம்பது வருஷம் கழிச்சு யாராவது இதை எடுத்துப் படிப்பான்."

"ஆமா சார்."

"அவன் நம்மளப் பத்தி என்ன நெனைப்பான்?"

க்விஸ்ட் குறுக்கே பேசினார். "பொய் எழுதலன்னு நெனைப்பான் சார்."

கர்னல் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். ஓடுபாதை ஓரமாக ரொட்டிக்கடைக்காரர் ஒரு இன்ஜினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். கர்னல் அவரைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார்.

"இருக்கட்டும்," என்றார். "எல்ஸ்வொர்த், உன் பேரை இன்னைக்கே அனுப்பறேன். நானும் நிம்மதியாக் கடையைப் பாக்கணும். சார்ஜென்ட், உனக்கு மூணு மாசம் விமானம் கிடையாது. சமையல்கூடத்துல உருளைக்கிழங்கு உரி."

"சரிங்க சார்."

"அதையும் சரித்திரத்துல நீயே எழுது. மூணு பிரதி. அப்புறம், சொத்துக்காரர் வாக்குமூலம்னு ஒரு படிவம் சேக்கணும். உங்க மாமனார்கிட்ட வாங்கிட்டு வா."

உருளைக்கிழங்கு உரிப்பது ஆர்விட்டுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இந்தக் கடைசி வாக்கியம் கேட்டதும்தான் சல்யூட் அடிக்க மறந்து வெளியே வந்தான்.

ஞாயிறு மாலை பயிற்சி முடிந்து வந்தான். மேஜையில் தொத்திறைச்சியும் வேகவைத்த உருளைக்கிழங்கும் இருந்தன. படிவத்தை மாமனாரிடம் நீட்டத் தைரியமில்லாமல் மனைவியிடம் நீட்டினான். லியோனா அதைக் குஸ்டாவிடம் விளக்கினாள்.

"மொதல்ல சரித்திரத்துல என்ன எழுதியிருக்குன்னு படி," என்றார் அவர்.

படித்தாள். கை அசைத்தது வந்தது, ஆர்விட் பேனாவால் சேர்த்திருந்த உருளைக்கிழங்கு வந்தது, கிழவர் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. 'பண்ணைக் கட்டடம் ஒன்று சேதமடைந்தது' என்ற இடத்தில் கையைத் தூக்கினார்.

"கட்டடம் ஒண்ணா? யாரு கட்டடம்? ஊர் பேர் தெரியாத கட்டடமா? இது எங்க போகுது?"

"வாஷிங்டனுக்குப்பா. அங்க எப்பவும் வெச்சிருப்பாங்களாம்."

"எப்பவுமா?"

"ஆமா."

குஸ்டாவ் எழுந்தார். தொட்டியில் கையைக் கழுவினார். ஆணியில் மாட்டியிருந்த கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, பொத்தான் போட்டு, நாற்காலியை நேராக இழுத்து உட்கார்ந்தார். "அடி," என்றார்.

லியோனா உறையை எடுத்தாள்.

"என் பேர் குஸ்டாவ் ஆகஸ்ட் போட்கர். எழுத்தை விட்டுடாதே, டி ரெண்டு. எங்கப்பா இந்த நிலத்துக்கு வந்தப்ப இங்க வெறும் பைன் மரக் கட்டைதான்,"

"அப்பா, பத்து வரிதான் எடம் இருக்கு."

"சரி, அப்பாவை விடு. பால் அறையில இருந்த டேங்க் இந்த வட்டாரத்துலேயே மொதல் டேங்க்."

"லண்டீனோடதுதானே மொதல்ல ஓடுச்சு."

"ஓடினதப் பத்தி நான் பேசல. வந்ததப் பத்திப் பேசறேன். அடி."

அடித்தாள்.

"மேஜர் க்விஸ்ட் மேல ஒரு தப்பும் இல்ல. நான் மூணு மாசம் அவரைத் தப்பா நெனச்சேன்." குரல் கொஞ்சம் இறங்கியது. "இதைப் பெரிய எழுத்துல அடி."

"அடிச்சாச்சு. சார்ஜென்ட் டோலஃப்சன்?"

ஆர்விட் தட்டில் இருந்த கிழங்கைப் பார்த்தான். நாளெல்லாம் பார்த்த கிழங்கு.

"அவன் கை ஆட்டினான்னு எழுதியிருக்குல்ல," என்றார் குஸ்டாவ்.

"இருக்கு."

"நானும் ஆட்டினேன்னு போடு."

லியோனா கையை எடுத்துவிட்டு அவரைப் பார்த்தாள். "நீங்க போதும்னு தானே காட்டினீங்க?"

"கையைத்தானே ஆட்டினேன். மேல நிக்கறவன் என்னத்தக் கண்டான்? போடு."

ஆர்விட் தண்ணீர் குடித்தான். யாரும் அவனைப் பார்க்கவில்லை. லியோனா அந்த வரியை அடித்து முடித்தாள்.

"இன்னும் ஒரு வரி எடம் இருக்குப்பா."

குஸ்டாவ் யோசித்தார். "உரிமையாளர் ரொம்பக் கோவமா இருந்தார்னு போடு."

"எது வரைக்கும்? தேதி போடாம சரித்திரம் ஆகாது."

அவர் திரும்பி, விதைக் கம்பெனி கொடுத்த காலண்டரைப் பார்த்தார். விரலால் தொட்டு எண்ணினார்.

"செவ்வாய்க்கிழமை வரைக்கும்."

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமைப்பா."

"தெரியும்," என்றார் குஸ்டாவ், கோட்டுப் பொத்தான்களைக் கழற்றிக்கொண்டே. "இன்னும் ரெண்டு நாள் இருக்கு."

லியோனா அப்படியே அடித்தாள்.